நிற்றல் இலக்கணம்: மாநகர அரசின் ஹைப்ரிட் கார் கொள்முதல் குறித்த ஆய்வுரை

வாகனம் என்பது ஓடுவதற்கானது என்னும் கொள்கை அறிஞர் உலகில் நெடுங்காலமாக மறுப்பாரின்றி நிலவி வருகிறது. தனியார் வாகனங்களைப் பொறுத்தவரை இதில் குற்றம் காண்பதற்கில்லை. அரசு வாகனத்துக்கும் இதே இலக்கணத்தைப் பொருத்தியதில்தான் கோளாறு தொடங்குகிறது. பழைய கார்களைக் கண்டம் செய்துவிட்டு ஹைப்ரிட் வாங்கப் புறப்படும் மாநகர அரசுகள் "மைலேஜ் எவ்வளவு கொடுக்கும்?" என்று கேட்கின்றன. "சும்மா நின்றால் எவ்வளவு குடிக்கும்?" என்பதே கேட்டிருக்க வேண்டிய கேள்வி. அரசு வாகனத்தின் முதல் தொழில் நிற்றல். ஓடுதல் அதன் சார்புத் தொழில். இதை நிறுவுவதே இவ்வாய்வின் நோக்கம். களம் நியூயார்க். அமெரிக்க மாநகர அரசுகளில் மிகப் பெரிய வாகனப் படையை வைத்திருப்பது அதுதான் என்பதால், நிற்கும் வண்டிகளுக்கு அங்கே பஞ்சமில்லை.

முதற்சான்று போலீஸ் கார். திரைப்படங்கள் இவ்வகைக் காரைத் துரத்தும் இனத்தில் சேர்த்துவிட்டன. கணக்கு வேறு சொல்கிறது. 2017-இல் துரத்தத் தகுதி பெற்ற ஹைப்ரிட் போலீஸ் காரை அறிமுகம் செய்தபோது ஃபோர்டு நிறுவனம் ஒரு மதிப்பீட்டை வெளியிட்டது. அதன்படி 8 மணி நேர ஷிப்டில் 4.9 மணி நேரம் போலீஸ் கார் எஞ்சின் உறும நின்ற இடத்திலேயே நிற்கிறது. அப்படி நிற்கும் ஒவ்வொரு மணி நேரத்துக்கும் 0.27 கேலனுக்கு மேல், அதாவது ஏறக்குறைய ஒரு லிட்டர் பெட்ரோலைக் குடிக்கிறது. எஞ்சினை அணைத்துவிடலாமே எனின், ஆகாது. கூரைமேல் விளக்கு சுழல வேண்டும், ரேடியோவும் கம்ப்யூட்டரும் உயிரோடிருக்க வேண்டும், ஏசியும் வேண்டும். சாதாரணக் காரின் 12 வோல்ட் பேட்டரி இத்தனை பேரை நெடுநேரம் தாங்காது. எனவே 2011-இல் உற்பத்தி நின்றுபோன ஃபோர்டு கிரவுன் விக்டோரியா என்னும் போலீஸ் கார், தெருமுனையில் ஒரு விளக்கு சுழல்வதற்காக 4.6 லிட்டர் கொள்ளளவுள்ள எஞ்சினின் எட்டு சிலிண்டர்களையும் வேலை வாங்கியது. ஹைப்ரிடில் இந்தச் சுமைகளைப் பெரிய பேட்டரி ஏற்றுக்கொள்கிறது. எஞ்சின் உறங்கி, சார்ஜ் குறையும்போது மட்டும் எழுந்து சிறிது உழைத்து மீண்டும் உறங்குகிறது. அரசுப் பணியின் தாளத்துக்கு இவ்வளவு இசைவான எஞ்சின் இதற்குமுன் வந்ததில்லை. டொயோட்டா பிரியஸ் ஜப்பானில் விற்பனைக்கு வந்தது 1997-இல். ஹைப்ரிட் முறை துரத்தும் காரை எட்டப் பின்னும் 20 ஆண்டுகள் சென்றன. அது துரத்துமா என்று ஐயுற்றவர் பலர். பாதி ஷிப்டுக்கு மேல் அழகாக நிற்குமே என்று எடுத்துரைத்தவரைக் காணோம்.

இரண்டாம் சான்று கணிதம். மைலேஜ் என்பது ஓடிய தூரத்தைக் குடித்த எரிபொருளால் வகுத்து வருவது. நிற்கும் பெட்ரோல் கார் ஒரு மணி நேரத்தில் பூஜ்ய மைல் ஓடி 0.27 கேலன் குடிக்கிறது, மைலேஜ் பூஜ்யம். எஞ்சின் அணைந்து நிற்கும் ஹைப்ரிட் பூஜ்ய மைல் ஓடிப் பூஜ்ய கேலன் குடிக்கிறது. பூஜ்யத்தைப் பூஜ்யத்தால் வகுத்தால் விடை இல்லை என்கிறது கணிதம். தணிக்கைத் துறையும் அதைவிட மேலான விடை சொல்ல முடியாது. வண்டி ஓடும்போதாவது இந்த அளவை நம்பலாமா? 2008-இல் ரிச்சர்ட் லாரிக், ஜாக் சோல் என்னும் இரு ஆய்வாளர்கள் 'சயின்ஸ்' இதழில் இந்த அளவு மக்களை ஏமாற்றுவதைக் காட்டினார்கள். கேலனுக்கு 25 மைல் தரும் காரை நீக்கி 50 மைல் தரும் காரை வாங்கினால் 100 மைலுக்கு 2 கேலன் மிச்சம். 10 மைல் தரும் வண்டியை 20 மைல் தருவதாக மாற்றினாலோ 5 கேலன் மிச்சம். முன்னது விளம்பரத்துக்கு ஏற்றது. பின்னதே கஜானாவுக்கு ஏற்றது. ஆகவே நல்லபிள்ளையாக ஓடிக்கொண்டிருக்கும் சின்னக் காரை மாற்றிப் படம் பிடித்துக்கொள்வதை விட்டு, அதிகம் குடித்து அதிகம் நிற்கும் வண்டியை முதலில் வெளியேற்றுவதே முறை.

இனித் தடைகளும் விடைகளும். நியூயார்க்கில் எஞ்சினை ஓடவிட்டு மூன்று நிமிடத்துக்கு மேலும், பள்ளியருகே ஒரு நிமிடத்துக்கு மேலும் நிற்பது சட்டப்படி குற்றம். குற்றத்துக்கு இலக்கணம் எதற்கு என்பார் உளர். அவசரப் பணி வாகனங்களுக்கு அச்சட்டத்தில் விலக்கு உண்டு என்பது முதல் விடை. அச்சட்டமே நிற்றலின் செலவை அந்நகரம் ஒப்புக்கொண்டதற்கு ஆதாரம் என்பது இரண்டாம் விடை. அப்படி நிற்கும் லாரியைப் படம்பிடித்துப் புகார் செய்யும் குடிமகனுக்கு அபராதத்தில் கால் பங்கு தர 2018-இல் அந்நகரம் விதி செய்திருக்கிறது. விலை கூடுதல் என்பார்க்கு விடை: ஃபோர்டின் கணக்கை நாளுக்கு இரண்டு ஷிப்ட், ஆண்டுக்கு 365 நாள் என்று விரித்தால், ஒரு போலீஸ் கார் ஓரங்குலமும் நகராமல் ஆண்டுக்கு ஏறத்தாழ 965 கேலனைக் காலி செய்கிறது. ஆனால் காரின் விலை கண்ணில் படுவது கொள்முதல் கோப்பில். பெட்ரோல் கணக்கு வேறொரு கோப்பில். இரண்டும் ஒரே மேசையில் சந்திக்காத வரை ஹைப்ரிட் விலை கூடியதாகவே தோன்றும்.

நுட்பமான தடை ஒன்றும் உண்டு. சிக்கனம் பெருகினால் பயன்பாடும் பெருகும் என்று 1865-இலேயே நிலக்கரியை வைத்து எழுதினார் பொருளியலாளர் ஜெவன்ஸ். அவ்வாறே நிற்பது மலிவானால் வண்டிகள் இன்னும் அதிகமாக நிற்காவோ எனின், நிற்கலாம். ஆனால் 8 மணி நேர ஷிப்டில் 4.9 மணி நேரம் ஏற்கெனவே நின்றாயிற்று, மிச்சம் 3.1 மணி நேரம்தான். அதுவும் நிற்பதில் கழிந்தால் டயர்த் தேய்மானமும் விபத்து இழப்பீடும் அறவே ஒழியும். அது இழப்பாகாது. நியூயார்க் தன் வாகனங்கள் அனைத்தையும் 2040-க்குள் மின்வாகனங்களாக்கும் ஆணையை 2020-இலேயே பிறப்பித்துவிட்டதே, இடையில் ஹைப்ரிட் எதற்கு என்பது இறுதித் தடை. இது நம் கட்சிக்கே வலு சேர்க்கிறது. பெட்ரோல் கார் நிற்கும்போதும் குடிக்கிறது. ஹைப்ரிட் நிற்கும்போது பெரும்பாலும் விரதம் இருக்கிறது. மின்கார் சார்ஜ் ஏற நின்றே ஆக வேண்டும், நிற்பது அதற்குக் கடமை. வளர்ச்சியின் திசை தெளிவு. அத்திசையில் நடுப்படியைத் தாண்டிக் குதிக்கச் சொல்வோர், சார்ஜர் வந்துசேரும்வரை பழைய வண்டி எட்டு சிலிண்டரோடு நிற்கும் என்பதை மறக்கிறார்கள்.

எனவே டெண்டர் விதிகளுக்குத் திருத்தம் ஒன்று முன்மொழியப்படுகிறது. விலைப்புள்ளி தரும் ஒவ்வொரு கம்பெனியும் தன் காரை விளக்கு, ரேடியோ, ஏசி அனைத்தும் இயங்க ஒரு முழு ஷிப்ட் நிறுத்திக் காட்ட வேண்டும். குறைவாகக் குடித்த காருக்கே கொள்முதல் ஆணை. எட்டு மணி நேரம் ஒரே இடத்தில் அமர்ந்து மேற்பார்வையிடும் பயிற்சி கொள்முதல் குழுவினருக்கு ஏற்கெனவே இருப்பதால் தனிச்செலவு நேராது. மைலேஜ் அட்டவணையைப் பின்னிணைப்பில் சேர்க்கலாம். ஓட வேண்டி வந்தால் அப்போது எடுத்துப் பார்த்துக்கொள்ளலாம்.