திண்ணையில் ஆசாரி, பால்கனியில் நான்

எழுபதுகளில் தென்காசிப் பக்கத்து வீடுகளில் யாரும் மரச்சாமானைக் கடையில் போய் வாங்க மாட்டார்கள். கட்டில் வேண்டுமென்றால் முதலில் மரம் வாங்க வேண்டும். அப்பா செங்கோட்டைக்குப் போய், மரவாடியில் கன அடிக் கணக்கில் விலை பேசி, அறுவை மில்லில் பலகையாக அறுத்து வண்டியேற்றி அனுப்புவார். மலைக்கு அந்தப்புறம் புனலூர், இந்தப்புறம் செங்கோட்டை. 1956 வரை செங்கோட்டை திருவிதாங்கூரோடுதான் இருந்தது. தேக்கும் வேங்கையும் அயினியும் அந்தக் கணவாய் வழியாகத்தான் எங்கள் ஊர்களுக்கு இறங்கின. வந்த பலகைகளைப் பின்கட்டில், ஒன்றுக்கும் இன்னொன்றுக்கும் நடுவே ரீப்பர் கொடுத்து, காற்றுப் போக அடுக்கிவிட்டு ஒரு கோடைக்காலம் முழுக்க அதன் பக்கமே போக மாட்டார்கள். பிறகுதான் ஆசாரிக்கு ஆள் போகும்.

அவர் வந்துவிட்டால் திண்ணையில் பாதி அவருடையது. சாக்குப்பையைப் பிரித்து உளி, கொட்டாப்புளி, இழைப்புளி, வாள், வாய்ச்சி, அரம், மூலைமட்டம் என்று எடுத்து வரிசையாக வைப்பார். முதல் வேலை அறுப்பதல்ல, பார்ப்பது. ஒவ்வொரு பலகையையும் வெயிலுக்கு நேரே தூக்கி, ஒரு கண்ணை மூடிக்கொண்டு நீளவாக்கில் பார்ப்பார். வளைந்திருக்கிறதா, முறுக்கியிருக்கிறதா, நார் எந்தப் பக்கம் ஓடுகிறது, வைரம் எது, வெள்ளை எது எல்லாம் அந்தப் பார்வையிலேயே முடிவாகிவிடும். “வெள்ளையில வண்டு விழும் தம்பி. கட்டிலுக்குக் காலா வைக்கப்பிடாது” என்பார். அந்த வயதில் எனக்குப் பள்ளிக்கூடத்தில் யாரும் ஒரு பொருளை இத்தனை நேரம் உற்றுப்பார்க்கச் சொல்லித்தந்ததில்லை.

மேசை கிடையாது, வைஸ் கிடையாது. தரையில் உட்கார்ந்து, கட்டையை இரண்டு பாதத்துக்கும் நடுவே இறுக்கிப் பிடிப்பார். இன்று நான் பால்கனியில் இரும்பு வைஸை முறுக்கிச் செய்கிற காரியத்தை அவருடைய கால் பெருவிரல் செய்தது. எங்கே கொஞ்சம் தளர்த்த வேண்டும், எங்கே அழுத்த வேண்டும் என்று அந்த விரலுக்குத் தெரியும்.

கட்டில் காலில் சட்டம் சேருகிற இடத்தை அவர் செய்ததைத்தான் நான் இன்றுவரை மறக்கவில்லை. காலில் நீள்சதுரமாகத் துளை பொளிந்துகொள்வார். சட்டத்தின் நுனியை அந்தத் துளைக்குள் தட்டினால்தான் இறங்கும் என்கிற அளவுக்குக் கழுந்தாகச் செதுக்குவார். பிறகு காலின் பக்கவாட்டில், துளைக்குக் குறுக்கே, மர ஆணிக்கு ஒரு ஓட்டை. அதே ஓட்டையைக் கழுந்திலும் போடுவார். ஆனால் நேருக்கு நேராக அல்ல. ஒரு நூலளவு சட்டத்தின் தோளை நோக்கித் தள்ளி. மூங்கில் ஆணியை அடித்து இறக்கும்போது, அந்த நூலளவு வித்தியாசம் கழுந்தை உள்ளே இழுத்துக்கொண்டு போகும். சட்டத்தின் தோள் காலோடு அப்படியே ஒட்டிக்கொள்ளும். பசை இல்லை, இரும்பு இல்லை. மரம் மரத்தை இழுத்துப் பிடித்துக்கொள்கிறது. இதை ஐரோப்பியத் தச்சர்களும் பல நூறு ஆண்டுகளாகச் செய்கிறார்கள் என்று பிறகு புத்தகங்களில் படித்தேன். எனக்கு அதை முதலில் காட்டியது ஐந்தாம் வகுப்போடு படிப்பை நிறுத்திய ஒருவர்.

பசை வேண்டிய இடத்தில் வஜ்ஜிரம் காய்ச்சுவார். மாட்டுத்தோலிலிருந்து எடுக்கிற அந்தப் பசையின் வாடை தெருமுனை வரை வரும். ஃபெவிகால் 1959-லேயே சந்தைக்கு வந்திருந்தும் அவர் வஜ்ஜிரத்தை விடவில்லை. நாளைக்கு ஒரு கால் ஆடினால் சூடும் ஈரமும் காட்டிப் பிரித்து, மறுபடி ஒட்டலாம் என்பதுதான் அவர் கணக்கு. தான் செய்த பொருளைத் தனக்குப் பிறகு எவனோ ஒருவன் பழுதுபார்க்க வேண்டியிருக்கும் என்று யோசித்து வேலைசெய்த மனிதர். எனக்குத் தெரிந்து அதைவிடப் பெரிய தொழில் மரியாதை இல்லை.

அப்பேர்ப்பட்டவர் காதில் விழும்படிதான் எங்கள் அம்மா சொன்னாள்: “ஏல, அங்கன என்ன வேடிக்கை? புஸ்தகத்த எடு. படிக்கலன்னா ஒன்னையும் உளி பிடிக்கத்தான் அனுப்பணும்.” அவர் தலை நிமிரவில்லை, இழைத்துக்கொண்டே இருந்தார். அம்மா கெட்டவள் இல்லை. எங்கள் தெருவில் எல்லா அம்மாக்களும் அதைத்தான் சொன்னார்கள். வீட்டில் நாங்கள் படுத்த கட்டில், அரிசி வைத்த பத்தாயம், சாமி இருந்த மாடம் எல்லாம் யார் கையிலிருந்து வந்ததோ அந்தக் கையையே பிள்ளைகளைப் பயமுறுத்தப் பயன்படுத்தினார்கள். இதை நினைக்கும்போதெல்லாம் எனக்குக் கோபம் வருகிறது.

இந்தக் கோபத்துக்கு ஒரு வரலாறும் உண்டு. 1953-ல் ராஜாஜி அரசு, ஆரம்பப் பள்ளிப் பிள்ளைகள் பாதி நாள் வகுப்பிலும் மீதி நேரம் வீட்டுத் தொழிலிலும் இருக்கட்டும் என்று ஒரு திட்டம் கொண்டுவந்தது. ‘குலக்கல்வி’ என்று நாடே எதிர்த்தது. 1954-ல் காமராஜர் முதலமைச்சரானதும் அது போனது. போனது நியாயம். ஆசாரி மகன் ஆசாரியாகத்தான் ஆக வேண்டும் என்று எந்த அரசும் சொல்லக் கூடாது. ஆனால் அதன் மறுபாதியை நாம் யோசிக்கவே இல்லை என்பது என் துக்கம். ஆசாரி மகன் கையில் புத்தகம் வந்ததுபோல, கணக்குப்பிள்ளை மகன் கையில் உளி வந்திருக்க வேண்டாமா? பின்லாந்தில் 1866 முதல் கைவேலை பள்ளிக்கூடத்தில் கட்டாயப் பாடம். இன்றைக்கும் அங்கே ஆணும் பெண்ணும் மரம் இழைக்கிறார்கள், துணி தைக்கிறார்கள். காந்தி 1937-ல் வார்தாவில் முன்வைத்த ஆதாரக் கல்வியும் எல்லாப் பிள்ளைக்கும் ஒரு கைத்தொழில் என்றுதான் சொன்னது. எங்கள் பள்ளியில் அதன் மிச்சமாக ஒரு கைத்தொழில் வகுப்பு இருந்தது. அந்த நேரத்தில் பெரும்பாலும் கணக்கு வாத்தியார் வந்து விட்ட பாடத்தை நடத்துவார்.

நான் படித்தேன், வங்கியில் வேலைக்குப் போனேன், சென்னைக்கு வந்தேன். இன்று ஞாயிற்றுக்கிழமை காலையில் எங்கள் குடியிருப்பின் மூன்றாம் மாடிப் பால்கனியில் மர வேலை நடக்கிறது. ஜலந்தரில் வார்த்த இரும்பு இழைப்புளி, நாலைந்து உளி, இழுக்கும்போது அறுக்கிற ஜப்பானிய வாள், கிளாம்ப்புகள், மூக்கை மூட முகக்கவசம். மரத்தூளைப் புற்றுநோய் உண்டாக்கும் பொருள்களின் முதல் வகுப்பில் சேர்த்திருக்கிறார்கள். கவசம் இல்லாமல் உப்புத்தாள் தேய்ப்பதில்லை. புத்தக அலமாரி, முக்காலி, பேத்திக்கு எழுதுமேசை என்று வீட்டில் இப்போது என் கைச் சாமான்கள் இருக்கின்றன. இதே மேசை கடையில் பாதி விலைக்குக் கிடைக்கும். பார்க்க வருகிறவர்களெல்லாம் கையைப் பிடித்துக்கொண்டு, “உங்களுக்குள்ள இப்படி ஒரு கலைஞன் இருக்கானே சார்!” என்கிறார்கள். அந்தப் பாராட்டு எனக்கு உறுத்துகிறது. என்னைவிடப் பல மடங்கு நன்றாகச் செய்தவருக்குத் திண்ணையில் கூலிதான் கொடுத்தோம். வயிற்றுப்பாட்டுக்குச் செய்தவரைத் தாழ்த்திவிட்டு, பொழுதுபோக்குக்குச் செய்கிறவனைத் தூக்கிவைக்கிற மதிப்பீடு கோணலானது.

மரம் கிடைப்பதும் மாறிவிட்டது. துறைமுகத்தில் சரக்கு இறக்கிய பைன் பலகைத் தட்டுகளைப் பிரித்து விற்கிறார்கள். அதில் ‘எச்.டி.’ என்று முத்திரை இருந்தால் சூட்டில் பதப்படுத்தியது, வீட்டுக்குள் கொண்டுவரலாம். ‘எம்.பி.’ என்றிருந்தால் மெத்தில் புரோமைடு புகையூட்டியது; நான் தொடுவதில்லை. தேக்கு வேண்டுமென்றால் இடித்த வீட்டு மரம்தான் எனக்குப் பிடித்தது. காரைக்குடி முனீஸ்வரன் கோயில் தெருக் கடைகளில் செட்டிநாட்டு வீடுகளின் கதவும் தூணும் உத்தரமும் சாய்ந்து நிற்கின்றன. பர்மாவிலிருந்து கப்பலில் வந்த தேக்கு. எத்தனையோ வருஷம் காய்ந்து, அசைய வேண்டியதெல்லாம் அசைந்து முடித்த மரம். இழைப்புளி ஒரு முறை போனாலே அந்தத் தோல் எண்ணெய் வாசம் மேலே வரும்.

மரம் அசையும் என்பதை மட்டும் புதிதாகத் தொடங்குகிறவர்கள் மனதில் ஏற்றிக்கொள்ள வேண்டும். பச்சைத் தேக்கு முழுக்கக் காயும்போது அகலவாக்கில் சுமார் இரண்டரை முதல் ஐந்து சதவீதம் வரை சுருங்கும், எந்த வாட்டத்தில் அறுத்தது என்பதைப் பொறுத்து. நீளத்தில் ஏறக்குறைய ஒன்றுமே குறையாது. தேக்கே சாது மரம். மற்றவை இன்னும் கூடுதல். காய்ந்த பிறகும் மழைக்காலத்தில் ஈரம் வாங்கிக் கொஞ்சம் விரியும், கோடையில் சுருங்கும். குற்றாலத்தில் சாரல் பிடித்தால் எங்கள் வீட்டில் ஒரு கதவும் ஒழுங்காகச் சாத்தாது. ஆனால் ஆசாரி செய்த கதவில் நடுப்பலகை ஒருநாளும் வெடித்ததில்லை. சட்டத்தில் காடி எடுத்து, பலகையை ஒட்டாமல், ஆணி அடிக்காமல், அந்தக் காடிக்குள் சும்மா நிறுத்தியிருப்பார். விரிந்தாலும் இடம் உண்டு, சுருங்கினாலும் வெளியே வராது. சதவீதக் கணக்கு எதுவும் இல்லாமலே அந்தக் காடியின் ஆழத்தை அவர் சரியாக வைத்தார்.

படித்தவர்கள் தச்சரிடம் போய்க் கற்றுக்கொள்வது நடக்காத காரியமும் அல்ல. ஜார்ஜ் நகஷிமா அமெரிக்காவில் பிறந்த ஜப்பானியர், எம்.ஐ.டி.யில் படித்த கட்டடக்கலைஞர். முப்பதுகளின் பிற்பாதியில் புதுச்சேரிக்கு வந்து, அரவிந்தர் ஆசிரமத்தின் கோல்கொண்டே விடுதி கட்டும் வேலையை மேற்பார்த்தார். சம்பளத்தை விட்டுவிட்டு ஆசிரமவாசியாகவே ஆனார். சுந்தரானந்தா என்று அங்கே பெயர் கிடைத்தது. இரண்டாம் உலகப்போரில் அமெரிக்க அரசு ஜப்பானிய வம்சத்தினரை முகாம்களில் அடைத்தபோது, ஐடஹோ மாநிலத்து மினிடோகா முகாமில் ஜப்பானிய முறையில் பயின்ற ஒரு தச்சர் பக்கத்தில் உட்கார்ந்து இணைப்பு வேலை பழகினார். பிறகு உலகமே தேடி வந்து வாங்கும் மரச்சாமான் செய்தார். அவருடைய பிரமாண்டமான மேசைகளைவிட, பட்டம் வாங்கிய ஒருவர் தச்சருக்கு மாணவராக உட்கார்ந்த அந்த இடம்தான் எனக்குப் பெரிதாகத் தெரிகிறது.

நானும் போனேன். எங்கள் ஆசாரி இல்லை. அவர் மகன் இருக்கிறார், என்னைவிடச் சில வயது இளையவர். மாடுலர் கிச்சன், வார்ட்ரோப் செய்கிறார். எட்டுக்கு நாலு பிளைவுட், 710 மார்க் பார்த்து வாங்குவது, மேசை ரம்பத்தில் அறுப்பது, மைக்கா ஒட்டுவது, காற்றுத் துப்பாக்கியால் ஆணி. நல்ல வருமானம், நல்ல வீடு. பெண் பொறியியல் படித்துவிட்டு வேலையில் இருக்கிறாள். நான் முக்காலியின் படத்தைக் காட்டியதும், கழுந்து சேருகிற இடத்தைப் பெரிதாக்கிப் பார்த்தார்.

“அண்ணாச்சி, இதுக்குப் போயி இம்புட்டு மெனக்கெடுதியளே. நாலு ஸ்குரு போட்டா முடிஞ்சிருமே.”

“ஒங்க அப்பா போட மாட்டாவளே.”

கொஞ்ச நேரம் ஒன்றும் பேசவில்லை. பிறகு பரணிலிருந்து அந்தச் சாக்குப்பையை இறக்கினார். உளிகள் தேய்ந்து பாதி நீளத்துக்கு வந்திருந்தன. அதில் ஒன்றை எடுத்துக் கல்லில் தண்ணீர் விட்டுத் தீட்டத் தொடங்கினார். “கைய ஆட்டப்பிடாது. கை அப்படியே நிக்கணும், ஒடம்புதான் போயிட்டு வரணும்” என்றார். உளியின் முகம் கல்லில் படிந்து உட்கார்ந்தால் சத்தம் மாறும். அதைக் கேட்கச் சொன்னார். தீட்டிய உளியை முன்கையில் வைத்து இழுத்தார், மயிர் சுத்தமாக வந்தது. பிறகு எதிர்நாரில் இழைத்தால் ஏன் பிசிறு வருகிறது, அந்த இடத்தில் இழைப்புளியின் அலகை எவ்வளவு உள்ளே தட்ட வேண்டும், கோணலாகப் பிடித்து எப்படி ஓட்டுவது என்று சாயங்காலம் வரை சொல்லித்தந்தார். புத்தகத்திலும் வீடியோவிலும் நான் தேடித் தேடிப் பார்த்த பலவற்றுக்கு அவர் கையில் விடை இருந்தது. அத்தனையும் தெரிந்தவரிடம் பல வருஷமாக ஒரு வாடிக்கையாளரும் அதைக் கேட்டதில்லை.

எங்கள் குடியிருப்பில் பிள்ளைகள் ஞாயிற்றுக்கிழமை பால்கனிக்கு வந்து நிற்கிறார்கள். யாருடைய அம்மாவும் இப்போது அதட்டுவதில்லை. மே மாதம் அவரைச் சென்னைக்கு வரச்சொல்லி, கீழே உள்ள கூடத்தில் ஒரு வாரம் வகுப்பு நடத்தலாம் என்று சங்கத்தில் பேசி முடித்துவிட்டேன். இசை வகுப்புக்கு வருகிறவருக்குக் கொடுக்கிற அதே கட்டணம் இவருக்கும் என்று தீர்மானத்தில் எழுதியாயிற்று. பெண்பிள்ளைகள்தான் முதலில் பெயர் கொடுத்தார்கள். அவரிடம் போனில் சொன்னபோது, எத்தனை பிள்ளைகள், என்ன வயது என்று கேட்டுக்கொண்டு, “தேக்குல தொடங்காதிய அண்ணாச்சி, உளி முனை சீக்கிரம் போயிரும். மலைவேம்பு வாங்கிப் போடுங்க, சின்னக் கைக்கு லேசா இறங்கும். முதல்ல ரெண்டு நாள் தீட்ட மட்டும்தான் சொல்லித்தருவேன்” என்றார். மலைவேம்புக்குச் சொல்லிவைத்திருக்கிறேன்.