காரெனப்படுவது இருவகைத்து

கலிபோர்னியத் தமிழர் வழக்கில் காரெனப்படுவது இருவகைத்து: அமெரிக்கக் கார், ஜப்பானியக் கார். ஜெர்மன் காரைக் கூறாது விட்டது என்னை எனின், பழுதுச் செலவுக்கு அஞ்சுவோர் அதை வாங்கார் ஆதலின் என்க. கொரியக் கார் புறனடையால் கொள்ளப்படும். டெஸ்லா பின்னர்க் கூறப்படும்.

இக்கட்டுரை என்ன நுதலிற்றோ எனின், மேற்படி இருவகைக் கார்களின் நம்பகத்தன்மை எஞ்சினில் உறைகிறதா, உடையவர் நெஞ்சில் உறைகிறதா என்று ஆராய்தல் நுதலிற்று. ஆய்வாளனுக்குத் தகுதி உண்டோ என்பார்க்கு விடை: இரண்டு வகையும் வைத்திருந்து, இரண்டுக்கும் மெக்கானிக்கிடம் பணம் அழுதவன். நடுநிலைமை உண்டோ என்பது வேறு கேள்வி.

முதற்கண் பழுதின் இலக்கணம். அமெரிக்கக் காரில் ஒரு பார்ட் போனால் காரே போயிற்று என்பர். ஜப்பானியக் காரில் காரே போனாலும் ஒரு பார்ட்தான் போயிற்று என்பர். இதற்குச் சான்று வருமாறு. டெட்ராய்ட்காரர்களின் பழைய செடான் ஒன்று என்னிடம் இருந்தது. அதன் கூரைத் துணிக்கு உள்ளே இருந்த ஸ்பாஞ்சு பொடிப்பொடியாகி, துணி கழன்று, பின்சீட்டில் உட்காருகிறவர் தலையில் முக்காடாக விழும். நோட்டீஸ் போர்டில் குத்தும் ஊசிகளால் அதை மேலே குத்திவைத்திருந்தேன். வேகத்தடையில் ஏறி இறங்கினால் ஒன்றிரண்டு ஊசி மடியில் உதிரும். டிரைவர் பக்கக் கண்ணாடி ஒருநாள் காபி வாங்கும் ஜன்னலருகே ‘டக்’கென்று கதவுக்குள் இறங்கிற்று, பிறகு ஏறவேயில்லை. எஞ்சின் மட்டும் கடைசிவரை ஒரு குறையும் வைக்கவில்லை. அதை யாரும் கேட்டதும் இல்லை. “நான் அப்பவே சொன்னேனே தம்பி, அமெரிக்கக் கார்னா இப்படித்தான். கண்ணை மூடிக்கிட்டு ஒரு ஜப்பான் வண்டி எடுத்துருக்கலாம்ல?” என்றார் ஊரில் மூத்த அண்ணன் ஒருவர். கார் வாங்கக் கண்ணைத் திறந்து வைத்துக்கொள்வதே நல்லது என்பது என் துணிபு.

அண்ணன் வாக்கைத் தட்டாமல் ஜப்பானியக் கார் வாங்கினேன். அது ஆயில் குடித்தது. டிக்கியில் எப்போதும் ஒரு டப்பா ஆயில் படுத்திருக்கும். “வயசான வண்டி, கொஞ்சம் குடிக்கத்தான் செய்யும்” என்றார் அதே அண்ணன். ஓர் இரவு 880 நெடுஞ்சாலையில் முதலில் ரேடியோ அடங்கிற்று. பிறகு டேஷ்போர்டு மங்கிற்று. ஹெட்லைட் மஞ்சளாகி, அகல் விளக்கு அளவுக்கு வந்ததும் ஓரங்கட்டினேன். ஆல்டர்னேட்டர். டோ டிரக்குக்குக் காத்து நின்றபடி அண்ணனுக்குப் போன் போட்டேன். “நீ பேட்டரிய ஒழுங்கா பாத்திருக்க மாட்ட. வண்டி மேல தப்பு இருக்காதுப்பா.”

இந்த விசுவாசம் ஆதியில் இல்லை என்பதை வரலாற்றால் அறிக. டொயோட்டா தன் டொயோபெட் கிரவுன் காரை 1957-ல் கலிபோர்னியாவில் கொண்டுவந்து இறக்கியது. ஜப்பானியக் குறுகிய சாலைகளுக்குப் பழகிய அந்தக் கார், நம்மூர் நெடுஞ்சாலை வேகத்தில் கொதித்தது, நடுங்கியது. சில ஆண்டுகளில் அந்த ஏற்றுமதியையே நிறுத்திவிட்டு, போன இடத்தில் பட்டதைப் பாடமாக்கி, 1965-ல் கொரோனாவோடு திரும்பி வந்தார்கள். தரத்தைப் புள்ளியியலால் பிடிக்கும் வித்தையை 1950-ல் ஜப்பானியருக்குச் சொல்லிக்கொடுத்தவர் டெமிங் என்ற அமெரிக்கர். அவர் பெயரில் அங்கே 1951 முதல் பரிசே கொடுக்கிறார்கள். சொந்த நாட்டார் அவரைக் கண்டுகொண்டது 1980-ல், தொலைக்காட்சியில் பார்த்தபிறகு. இடைப்பட்ட காலத்தில் டெட்ராய்ட் செய்த வேலைக்குச் செவ்ரோலே வேகா ஒன்று போதும்: அலுமினிய எஞ்சின் கொதித்தது, உடம்பு துருப்பிடித்தது. அந்தக் காரைக் கண்ணால் கண்டிராதவர்கள், அப்போது பிறந்தே இராதவர்கள், இன்றைக்கும் அதற்காகக் கோபப்படுகிறார்கள்.

இனி ஆய்வின் உயிர்நிலை. கலிபோர்னியாவின் ஃப்ரீமாண்டில் ஜெனரல் மோட்டார்ஸ் ஆலை ஒன்று இருந்தது. வேலைக்கு வராதவர்களாலும், வந்து குடித்தவர்களாலும் பெயர்பெற்ற ஆலை. கதவுக்குள் காலி கோக் பாட்டிலைப் போட்டு மூடி, வாங்குகிறவன் அந்தக் கடகடப்பைத் தேடி அலையட்டும் என்று அனுப்பிவைத்த கதையை அங்கே இருந்தவர்களே பிற்காலத்தில் சொல்லியிருக்கிறார்கள். 1982-ல் மூடினார்கள். 1984-ல் டொயோட்டாவோடு கூட்டுச் சேர்ந்து ‘நம்மி’ என்ற பெயரில் திறந்தார்கள். பெரும்பாலும் அதே பழைய தொழிலாளர்களைத்தான் எடுத்தார்கள். ஜப்பானுக்கு அனுப்பிப் பழக்கினார்கள். தலைக்கு மேல் ஒரு கயிறு கட்டினார்கள். ஒரு போல்ட் சரியாக ஏறவில்லை என்றால் யார் வேண்டுமானாலும் இழுக்கலாம். உடனே தீராவிட்டால் மொத்த வரிசையும் நிற்கும். முன்பு வரிசையை நிறுத்துவது வேலைக்கே உலைவைக்கும் குற்றம். கைகள் மாறவில்லை, கார் மாறிவிட்டது.

ஆகவே பழுது தேசத்தில் இல்லை, ஆலை நடத்துவதில் இருக்கிறது என்று இங்கேயே கட்டுரையை முடிக்கலாம். ஆனால் அந்த ஆலை இன்னொரு காரியமும் செய்தது. அங்கேயே டொயோட்டாவின் கொரோலாவும் வந்தது, ஜெனரல் மோட்டார்ஸின் ஜியோ பிரிசம் என்ற காரும் வந்தது. பிரிசம் 1998 முதல் செவ்ரோலே பெயரில் வந்தது. வெளித்தகடு, அலங்காரம் நீங்கலாக இரண்டும் ஒரே கார். ஒரே எஞ்சின், ஒரே ஆட்கள். சின்னம் வேறு. விளைவு: கொரோலா போய்க்கொண்டேயிருந்தது, பிரிசம் கடையில் நின்றது. செகண்ட் ஹேண்டில் பிரிசத்தின் விலை இன்னும் இறங்கியது. இரண்டு விலைக்கும் இடையிலான அந்த டாலர்கள் எஞ்சினுக்குக் கொடுத்தவை அல்ல. நம்பிக்கைக்குச் சந்தை விலை இன்னதென்று மெய்யியல் வரலாற்றில் முதன்முதலாகத் தெரிந்தது அப்போதுதான் என்று கருத இடமுண்டு.

அடுத்தது கள ஆய்வு. இடம்: லிவர்மோர் சிவா விஷ்ணு கோயில் கார் நிறுத்துமிடம். முறை: டிரைவர் பக்கத்து முன்கண்ணாடியின் கீழ்மூலையில் 17 எழுத்துள்ள வண்டி எண் தெரியும், அதன் முதல் எழுத்து பிறந்த நாட்டைச் சொல்லும். ஜப்பான் என்றால் ஜே. அமெரிக்கா என்றால் பெரும்பாலும் 1, 4, 5. மெக்சிகோ என்றால் 3. குனிந்து குனிந்து பார்த்துக்கொண்டே போனதில் சிலர் என்னைத் திருடன் என்று எண்ணியது ஆய்வின் வரம்புகளுள் ஒன்று. அண்ணனின் டொயோட்டா கேம்ரியில் எண் 4. கென்டக்கி மாநிலம் ஜார்ஜ்டவுனில் 1988 முதல் கேம்ரி செய்கிறார்கள். அமெரிக்கப் பொருளையே ஆதரிப்பேன் என்று ஃபோர்டு ஃப்யூஷன் வாங்கிய நண்பரின் எண் 3: அது மெக்சிகோவின் எர்மோசியோவில் பிறந்தது. இருவரிடமும் சொன்னேன். இருவரும் பிரசாதம் வாங்கப் போய்விட்டார்கள். பக்கத்தில் வரிசையாக டெஸ்லாக்கள் நின்றன; அவற்றில் பல ஃப்ரீமாண்டின் அதே ஆலையில் செய்தவை. நம்மி 2010-ல் மூடியதும் டெஸ்லாதான் அதை வாங்கியது.

டகாட்டா என்ற ஜப்பானிய நிறுவனத்தின் ஏர்பேக்குகள் வெடித்துச் சிதறி, அமெரிக்க வரலாற்றின் மிகப்பெரிய ரீகாலாகி, 2017-ல் நிறுவனமே திவாலாயிற்றே என்று ஜப்பானிய நம்பகத்தை மறுப்பாரும் உளர். டொயோட்டாவின் டகோமா டிரக்கின் அடிச்சட்டம் துருப்பிடித்து ஓட்டையானதும் உண்மை. ஆனால் 2008-ல் டொயோட்டா அந்தப் பழைய டிரக்குகளைச் சந்தை விலையில் ஒன்றரை மடங்கு கொடுத்துத் திரும்ப வாங்கிக்கொண்டது. அண்ணன் இதைக் கேட்டதும், “பாத்தியா, துருப்பிடிச்சாகூட லாபம்” என்றார். இந்த இடத்தில் தருக்கம் நின்றுவிடுகிறது.

அமெரிக்கத் தரப்புக்கும் நியாயம் செய்ய வேண்டும். ப்யூக்கின் 3800 என்ற வி6 எஞ்சின் எந்த ஜப்பானிய எஞ்சினோடும் பந்தியில் சமமாக உட்காரத் தக்கது. எஞ்சின் ஓடிக்கொண்டே இருக்கும். அதைச் சுற்றியிருக்கும் கார்தான் ஒவ்வொன்றாக உதிரும்.

என் தீர்ப்பு: 1970-களிலும் 80-களிலும் வித்தியாசம் பெரிது, உண்மையானது. இன்று இடைவெளி சுருங்கிவிட்டது, அறவே மறையவில்லை. டொயோட்டாவும் லெக்சஸும் பட்டியல்களின் மேல்தட்டில் இருப்பது வெறும் பிரமை அல்ல. ஆனால் சின்னத்துக்காகக் கொடுக்கும் கூடுதல் பணம் சுருங்கியதாகத் தெரியவில்லை. பழைய கார் வாங்கப் போகிறவர்கள் பானட்டின் மேலிருக்கும் சின்னத்தை விட்டுவிட்டு, ஆயில் மாற்றிய ரசீதுகளைக் கேட்டு வாங்கிப் பாருங்கள். விற்பவருக்கு வேண்டாத மெக்கானிக் ஒருவரிடம் வண்டியைக் காட்டுங்கள். பிரிசம் 2002-ஓடு நின்றுவிட்டது. நன்றாக ஓடுகிற ஒன்று எங்காவது கிடைத்தால் எடுத்துக்கொள்ளலாம், கொரோலா விலை மட்டும் கொடுக்காதீர்கள்.