காகிதத்தில் முற்றும் நோய்

அமெரிக்காவில் ஆஸ்பத்திரியில் படுத்தவருக்கு நோய் இரண்டு தடவை வரும். முதலில் உடம்பில், வீடு திரும்பிய பிறகு காகிதத்தில். முதலாவது முற்றினால் நோயாளிக்கு ஆபத்து. இரண்டாவது முற்றினால் ஆஸ்பத்திரிக்கு ஆரோக்கியம்.

முதியோருக்கான அரசுக் காப்பீடான மெடிகேர் 1983-இல் ஒரு புதுமுறை கொண்டுவந்தது. எத்தனை நாள் படுத்தார், எத்தனை ஊசி போட்டீர்கள் என்ற கணக்கெல்லாம் வேண்டாம். இன்ன நோய்க்கு இன்ன தொகை. டிஆர்ஜி என்று பெயர். கண்டபடி ஏறும் செலவை அடக்க வந்த ஏற்பாடு. நாள்கணக்கு அடங்கியது, நோயின் பெயர் வீங்கத் தொடங்கியது.

வேறு சிக்கல் இல்லாத நிமோனியா என்றால் ஒரு தொகை. தொற்று முற்றி உடம்பையே தாக்கும் செப்சிஸ், கூடவே 'எம்சிசி' என்கிற பெருஞ்சிக்கல் ஒன்று என்றால் அதைப் போல இரண்டு மடங்குக்கும் மேல். டாக்டர் 'யூரோசெப்சிஸ்' என்று கிறுக்கிவிட்டுப் போனால்தான் சங்கடம். அந்தச் சொல்லுக்குக் கோட், அதாவது பில்லில் போடும் நோய்க் குறியீடு, கிடையாது. சார்ட்டைப் படித்துக் கோட் போடும் கோடர் தானாக ஊகிக்கவும் கூடாது. விளக்கம் கேட்டு டாக்டருக்கு 'க்வெரி' போகும். செப்சிஸா? வெறும் சிறுநீர்த் தொற்றா? வேறு ஏதாவதா? சொல்ல இயலவில்லையா? பணத்தைப் பற்றி அதில் ஒரு வார்த்தை வரக்கூடாது என்பது தொழில் தர்மம். "நாங்கள் எதுவும் கேட்க மாட்டோம், உங்கள் பெண்ணுக்கு நீங்கள் செய்வதைச் செய்யுங்கள்" என்கிற சம்பந்தி வீட்டு நாகரிகம்.

இந்த நாகரிகம் எதுவரை போகும்? பஞ்சம் பிடித்த தேசங்களில், புரதமில்லாத உணவால் வயிறும் காலும் வீங்கிக் குழந்தைகள் சாகிற நோய் குவாஷியோர்கர். அது அமெரிக்கத் தாத்தா பாட்டிகளைத் தாக்கியது. எங்கே? பில்லில். அரசின் இன்ஸ்பெக்டர் ஜெனரல் அலுவலகம் 25 ஆஸ்பத்திரிகள் அந்த நோயைப் போட்ட 2,145 பில்களைப் பிரித்துப் பார்த்து 2017-இல் அறிக்கை தந்தது. ஒன்றே ஒன்று சரி. மிச்சம் 2,144-ம் தப்பு. கூடுதலாகப் போன பணம் 60 லட்சம் டாலருக்கு மேல். கோட் புத்தகத்தின் அகரவரிசைப் பட்டியலே வழி மாற்றிவிட்டது என்று சமாதானம் வந்தது. புத்தகத்துக்குக் கண் இல்லை, ஒப்புக்கொள்வோம். கட்டிலில் படுத்திருந்தவரைப் பார்த்த அத்தனை பேருக்குமா இல்லை?

பாடம் படித்தார்களா? 2020-இல் அடுத்த அறிக்கை: 'கடும் ஊட்டச்சத்துக் குறைவு' என்று தப்பாக எழுதி இரண்டு நிதியாண்டுகளில் சுமார் 100 கோடி டாலர் அதிகம் வாங்கியிருக்கிறார்கள். இவ்வளவு கொழுத்த பஞ்சத்தை உலகம் கண்டதில்லை.

2021-இல் இன்னொன்று. 2014-க்கும் 2019-க்கும் நடுவே, உச்சக் கடுமை என்று பில் போட்ட அட்மிஷன்கள் ஏறத்தாழ 20 சதவீதம் கூடின. அந்த நோயாளிகள் சராசரியாகப் படுத்திருந்த நாட்களோ குறைந்தன. நோய் கடுமையாகக் கடுமையாக நோயாளி சீக்கிரம் வீட்டுக்குப் போகிறார். தன்வந்திரிக்கே எட்டாத வைத்தியம்!

இந்தத் திருப்பணியில் நம் சென்னைக்கும் பங்குண்டு. மைக்ரோபயாலஜியும் பார்மசியும் படித்த பிள்ளைகள் இங்கே கோடர்களாக உட்கார்ந்து, முகம் பார்த்திராத நோயாளியின் சார்ட்டை டார்கெட் வைத்துப் படிக்கிறார்கள். ஒரு எம்சிசி கண்ணில் படாமல் போனால் ஆடிட்டர் 'எரர்' போடுவார்; இன்சென்டிவ் போகும். 100 கோடி டாலர் போன வழியில் அவர்களுக்கு விழுந்தது முதுகுவலி.

கடைசியாக ஒரு கோட். 2015 முதல் அங்கே நடப்பில் உள்ள ஐசிடி-10 பட்டியலில் சுமார் 70,000 நோய்க் குறியீடுகள். வாத்து மோதினால் ஒரு கோட், எரியும் நீர்ச்சறுக்குப் பலகையால் சுட்டுக்கொண்டால் ஒரு கோட். காசில்லாமல் மருந்தைக் குறைத்துச் சாப்பிட்டவருக்கும் உண்டு: இசட்91.120. பணக் கஷ்டத்தால் நோயாளி 'வேண்டுமென்றே' மருந்தைக் குறைத்துக்கொண்டார் என்று அதற்குப் பொருள். வேண்டுமென்றேயாம்! இதை எழுதினால் டிஆர்ஜி ஒரு சென்ட்கூட ஏறாது. ஆகவே இதற்காக எந்த டாக்டரையும் க்வெரி துரத்தாது.

இன்சுலினைப் பாதியாகப் போட்டுக்கொண்டவன் வேண்டுமென்றே செய்தான் என்று எழுதத் தெரிந்தவர்களே, இன்சுலின் விலையை வேண்டுமென்றே ஏற்றியவனுக்கு உங்கள் 70,000-இல் ஒரு கோட் காட்டுங்கள்.