பசு தின்ற பசு

1789-ல் ஜார்ஜ் வாஷிங்டன் பதவியேற்றபோது அவருடைய ஆட்கள் கோட்டில் பித்தளைப் பொத்தானைத் தைத்துக்கொண்டு திரிந்தார்கள். 1896-ல் மெக்கின்லிக்கும் பிரையனுக்கும் நடந்த தேர்தல் குடுமிப்பிடியில் செல்லுலாய்டு பேட்ஜ் வந்தது. அமெரிக்காக்காரன் இதையெல்லாம் பூட்டி வைத்திருக்கிறான். 1920 தேர்தலில் மண்ணைக் கவ்விய காக்ஸும் ரூஸ்வெல்ட்டும் ஒன்றாக இருக்கிற பேட்ஜுக்கு இன்றைக்கும் அடிதடி. போலி பேட்ஜ் அடித்தால் அடித்த ஆண்டைப் பொறிக்க வேண்டும் என்று 1973-ல் சட்டமே போட்டார்கள்.

நம்மிடம் சரக்குக்குப் பஞ்சமா? 1967-ல் குண்டடிபட்ட எம்.ஜி.ஆர். ஆஸ்பத்திரியில் படுத்திருக்க, கழுத்துக் கட்டோடு அவர் படம் சுவர் சுவராக ஓட்டுக் கேட்டது. பரங்கிமலையில் ஜெயித்தும் விட்டது. 1989-ல் எம்.ஜி.ஆர். கட்சி உடைந்து இரட்டை இலை முடங்க, ஜெயலலிதாவுக்குச் சேவல், ஜானகிக்கு இரட்டைப் புறா. ஆட்சி கலைஞருக்கு. இரு அணியும் ஒட்டிக்கொண்டு இலையை மீட்டதும் சேவலையும் புறாவையும் சீந்த ஆளில்லை. ஒரே தேர்தலோடு செத்த சின்னம் என்றால் காக்ஸ் பேட்ஜுக்கு அண்ணன் அல்லவா!

ஆனால் போஸ்டரை ஒட்டியது மைதாப் பசையில். விடிவதற்குள் மாடு வந்துவிடும். 1971-ல் இந்திரா காங்கிரசின் சின்னம் பசுவும் கன்றும். தன் படத்தைத் தானே மென்று விழுங்கிய கட்சி விசுவாசம் வேறெந்த நாட்டு மாட்டுக்கு உண்டு?

எது நிலைக்கிறது என்று தெரிய, திருப்பாலைவனம் தாண்டிப் பழவேற்காடு போய்ப் பாருங்கள். 1613-ல் கோட்டை கட்டிய டச்சுக்காரன் ஒருவரிடமும் ஓட்டுக் கேட்டதில்லை. அவனுடைய கல்லறைக்கு வாசலில் கல்லில் செதுக்கிய எலும்புக்கூடு, காவலுக்குத் தொல்லியல் துறை. வீடு வீடாகக் கும்பிட்டவனின் நோட்டீசில் அன்றைக்கே சுண்டல் மடித்தாகிவிட்டது.

பிளெக்ஸ் வந்த பிறகுதான் மாடு தோற்றது. மீனவர் குப்பத்தில் பிளெக்ஸின் மதிப்பு தெரியும்: கூரை ஒழுகினால் மேலே விரிக்கலாம், வலையை மூடலாம், கருவாடு காயப்போடலாம். தலைவர் எந்தக் கட்சி என்று மழை கேட்பதில்லை. அகலம் போதவில்லையென்றால் இரண்டு கட்சி பிளெக்ஸைச் சேர்த்துத் தைத்துவிட்டால் தீர்ந்தது. டெல்லியிலிருந்து ஆள் வந்து பேசியும் படியாத கூட்டணி, கோணி ஊசியில் ஐந்து நிமிடத்தில் முடிந்துவிடும். தொகுதிப் பங்கீடு? தலைப்பக்கம் உனக்கு, கால்பக்கம் எனக்கு, நடுவில் நெத்திலி.