ஏழை விடுதியில் நோயாளிகள்

கேள்வி: விக்டோரியா கால இங்கிலாந்தின் ஏழை விடுதிகளில் நோயாளிகளைக் கவனித்துக்கொண்டது யார்?

பதில்: பெரும்பாலும் அங்கேயே அடைக்கலம் புகுந்த மற்ற ஏழைகள்தான். பயிற்சி கிடையாது, மருந்துப் புட்டியின் சீட்டைப் படிக்கத் தெரியாதவர்களும் உண்டு. சோம்பேறிகள் வரக்கூடாது என்று 1834-ஆம் ஆண்டுச் சட்டம் விடுதி வாழ்க்கையைக் கடுமையாக்கியது. வந்தவர்களிலோ முதியோர், நோயாளிகள், அநாதைக் குழந்தைகள் ஏராளம். சோம்பலுக்கு ஓங்கிய பிரம்பு நோயாளியின் முதுகில் விழுந்தது.

1865-இல் ‘லான்செட்’ மருத்துவ இதழ் லண்டன் விடுதிகளை ஆராய்ந்து அவலத்தை அம்பலப்படுத்தியது. அதே ஆண்டு, நைட்டிங்கேல் தாதியர் பயிற்சிப் பள்ளியில் பயின்ற ஆக்னஸ் ஜோன்ஸ் தாதியரோடு லிவர்பூல் விடுதிக்கு வந்தார். 1868-இல் டைஃபஸ் காய்ச்சல் அவரைக் கொன்றது, வயது 35.

நோயாளியிடம் கேட்கவேண்டியது ‘எங்கே வலிக்கிறது?’, ‘ஏன் ஏழையானாய்?’ அல்ல.