கட்டம் போட்ட எச்சரிக்கை

அமெரிக்காவில் 2009-இல் கிரெடிட் கார்டுச் சட்டம் ஒன்று வந்தது. குறைந்தபட்சத் தொகை மட்டும் கட்டினால் கடன் தீர எத்தனை வருஷம், 36 மாதத்தில் தீர்க்க மாதம் எவ்வளவு என்று ஸ்டேட்மென்டிலேயே கட்டம் போட்டு அச்சடிக்கச் சொன்னது. ஜனங்கள் பதறி எழுந்து பணத்தைக் கொட்டுவார்கள் என்று நம்பிக்கை. பிறகு ஆய்வாளர்கள் 16 கோடி கணக்குகளைப் புரட்டினார்கள். 36 மாதத் தொகையைக் கட்டியவர்கள் ஏதோ சொற்பம் கூடியிருந்தார்கள். மொத்த வசூல் அசையவில்லை. பாவம், அச்சு மை!

அதே சட்டம் அபராதக் கட்டணங்களுக்கும் கடிவாளம் போட்டிருந்தது. அதில் வருஷத்துக்குச் சுமார் 1,190 கோடி டாலர் மிச்சமாம், ஒரு வரிகூடப் படிக்காதவர்களுக்கும் சேர்த்து. கட்டணத்தைக் குறைத்தால் வட்டி ஏறும் என்று வங்கித் தரப்பு அழுதிருந்தது. ஏறிய தடயமும் கிடைக்கவில்லை.