நாலே முக்கால் சார்

தாம்பரத்தைச் சுற்றி ஏரி மிச்சமிருக்கிற ஊரில் எல்லாம் இவரைப் பார்க்கலாம். சேலையூர், ராஜகீழ்ப்பாக்கம், மாடம்பாக்கம், மேடவாக்கம் என்று விலாசம் மாறும், ஆள் மாறமாட்டார். வங்கியிலோ ரயில்வேயிலோ இருந்து ஓய்வு பெற்றவர். கழுத்தில் பைனாகுலர், தோளில் ஃப்ளாஸ்க், காலில் பேரன் வாங்கிக்கொடுத்து இன்னும் கடித்துக்கொண்டிருக்கும் ஷூ. பறவை பார்ப்பவர் என்று ஊரில் சொல்வார்கள். அது பாதி விவரம்தான். பறவைக்கு முன்னால் போய்ச் சேருபவர் என்று சொன்னால்தான் விவரம் முழுமையாகும்.

சனிக்கிழமை ராத்திரி வாட்ஸ்அப் குழுவில் அறிவிப்பு வரும்: ‘நாளை பெரும்பாக்கம் ஏரி. 4.45 ஷார்ப். யாருக்காகவும் காத்திருக்க மாட்டோம்.’ இந்த ‘மாட்டோ’மில் இருப்பவர் அவர் ஒருவர்தான். மற்றவர்கள் கட்டைவிரலைக் காட்டிவிட்டுத் தூங்கிவிடுவார்கள். நாலு மணிக்கு ஒவ்வொருவருக்காகப் போன் செய்வார். எடுத்தால் ‘எழுந்தாச்சா?’ என்பார். எடுக்காவிட்டால் எடுக்கிறவரை அடிப்பார். எங்கள் குழுவில் இரண்டு கல்யாணங்கள் இதனால் கசந்தன என்று ஒரு பேச்சு உண்டு, நான் விசாரிக்கவில்லை.

ஜனவரியில் சென்னையில் சூரியன் எழுவதற்கு ஏறக்குறைய 6.35 ஆகிவிடும். கண்ணுக்கு ஏதாவது தெரிகிற வெளிச்சம் அதற்கு இருபது, இருபத்தைந்து நிமிஷம் முன்னால் வரும். ஆக, நாலே முக்காலுக்குப் போய் நிற்பவர் முதல் ஏறக்குறைய ஒன்றரை மணி நேரம் இருட்டைத்தான் பார்க்க வேண்டும். மே மாதக் கடைசியில் 5.42-க்கே சூரியன் வந்துவிடும். அப்போது நாலே முக்காலில் ஒரு நியாயம் இருக்கும். ஆனால் வெளிநாட்டு வாத்துகளும் உள்ளான்களும் அதற்குள் ஊர் திரும்பியிருக்கும். சாரும் மாம்பழ சீசனில் வெளியே வரமாட்டார்.

ஏன் சார் இவ்வளவு சீக்கிரம் என்று கேட்டால் அமெரிக்காவுக்குப் போய்விடுவார். அங்கே வான்கோழி வேட்டைக்காரர்கள் இருக்கிறார்களாம். யூடியூபில் பார்த்திருக்கிறார். நம் ஔவையார் பாட்டில் கேலிக்கு ஆளாகும் அதே பெயர்தான். அங்கே அது காட்டுப்பறவை. ராத்திரி மரத்தில் அடையும். விடிவதற்கு முன்னால் கிளையில் இருந்தபடியே சேவல் குரல் கொடுக்கும், அப்புறம்தான் கீழே இறங்கும். வேட்டைக்காரன் அதற்கு ஒரு மணி நேரம் முன்பே போய், மரத்தில் முதுகைச் சாய்த்து, கொசு கடித்தாலும் அசையாமல் உட்கார வேண்டும். வெளுத்தபின் நடந்து வந்தால் மேலே இருக்கிற பறவை பார்த்துவிடும். அன்றைய வேட்டை அத்தோடு சரி.

“பல மாநிலத்துல சூரியன் வர்றதுக்கு அரை மணி முன்னாடியே சுடலாம்னு சட்டம் வச்சிருக்கான். சுடறவனே அவ்வளவு சீக்கிரம் போறான். வனவிலங்குச் சட்டப்படி நாம ஒரு கௌதாரியைக்கூடத் தொட முடியாது, வெறுமனே பாக்கத்தான் போறோம். நமக்கென்ன கேடு?”

இந்தத் தர்க்கத்தில் எங்கே ஓட்டை என்று யாருக்கும் அந்த நேரத்தில் பிடிபடாது. நாலே முக்கால் மணிக்கு யாருக்கு மூளை வேலை செய்கிறது?

அவர் சொல்வது முழுக்கப் பிழை என்றும் சொல்லிவிட முடியாது. நன்மங்கலம் காப்புக்காட்டின் ஓரத்தில் இருட்டில் நின்றால் கரிச்சான் முதலில் ஆரம்பிக்கும். பின்னாலேயே மயில், கௌதாரி. காற்றும் ஹாரனும் அடங்கிய நேரம் என்பதால் குரல் வெகுதூரம் கேட்கும். அங்கே கைவிட்ட கல்குவாரியில் குடியிருக்கும் கொம்பன் ஆந்தை, வெளிச்சம் வருமுன் பாறை விளிம்புக்குத் திரும்பிவிடும். மார்கழி வந்தால் சாருக்கு ஆண்டாளும் சாட்சி: “புள்ளு கத்துறதை வச்சுத்தான் விடிஞ்சுதுன்னு அவளே தோழியை எழுப்புறா. பைனாகுலர் இருந்துதா அவகிட்ட?”

பள்ளிக்கரணைச் சதுப்புநிலத்தில்தான் இந்த சாஸ்திரம் செல்லாது. 2022-ல் ராம்சர் பட்டியலில் ஏறிய இடம். அங்கே பூநாரையும் நாமக்கோழியும் ஆறு மணிக்கு எங்கே நின்றனவோ பத்து மணிக்கும் அந்தப் பக்கமாகவேதான் நிற்கும். ரேடியல் சாலையில் ஷிஃப்டுக்குப் போகிற பிள்ளைகள் கேப் ஜன்னலிலிருந்து பூநாரை பார்க்கிறார்கள், அதுவும் பாதித் தூக்கத்தில். கழுகு இன்னும் மோசம். வெயில் ஏறி, காற்று சூடாகி, மேலே தூக்க வேண்டும், அப்போதுதான் வட்டமடிக்கும். அந்த நேரத்தில் சார் ‘இனி ஒண்ணும் வராது’ என்று தீர்ப்பு சொல்லிவிட்டு மேடவாக்கத்தில் பொங்கல் வடை சாப்பிட்டுக்கொண்டிருப்பார். ஒன்பதரைக்கு யாராவது கழுகுப் படம் அனுப்பினால், படத்தைப் பார்க்கமாட்டார், எடுத்த நேரத்தைப் பார்ப்பார்.

ஒருநாள் பெரும்பாக்கத்தில் ரோந்து போலீஸ் வண்டியை நிறுத்தியது.

“யாரு சார் நீங்க? இருட்டுல என்ன பண்றீங்க?”

“பறவை பாக்கறோம்.”

ஏட்டு டார்ச்சை ஏரிப்பக்கம் ஒருமுறை சுழற்றினார். “எங்க?”

“இன்னும் எழுந்திருக்கல.”

“அப்ப நீங்க ஏன் சார் எழுந்தீங்க?” ஏட்டுக்கு நிஜமாகவே புரியவில்லை. “செயின் அறுக்கறவன்கூட வாக்கிங் போறவங்க வந்தப்புறம்தான் சார் வர்றான்.”

சார் ஃப்ளாஸ்க்கைத் திறந்து அவருக்குக் காபி ஊற்றினார். குடித்து முடிப்பதற்குள் வான்கோழிக் கதையையும் முடித்துவிட்டார். அந்த வண்டி அதன்பின் அந்தப் பக்கம் மெதுவாகப் போய் நாங்கள் பார்த்ததில்லை.

பொங்கல் பறவைகள் கணக்கெடுப்பு என்றால் அவருக்கு ஆகாது. 2015 முதல் நடக்கிறது. எந்த நேரமானாலும், எங்கிருந்தானாலும், கால் மணி நேரம் பார்த்துப் பட்டியல் போட்டால் போதும் என்பது விதி. “மொட்டை மாடியில வடாம் காயப்போட்டுக்கிட்டே எண்ணலாமாம். அப்புறம் ஒழுங்குன்னு ஒண்ணு எதுக்கு?” ஆனாலும் எண்ணிக் கொடுப்பார். அவர் பட்டியல் நாலே ஐம்பதுக்குத் தொடங்கும். முதல் ஒரு மணி நேரத்துக்கு அதில் ஒரு கூகையும் தெருநாய் பற்றிய குறிப்பும் மட்டும் இருக்கும்.

போன அக்டோபரில் அவர் வீட்டுக்கே ஆறுமணிக்குருவி வந்தது. வடக்கிலிருந்து குளிர்காலத்துக்கு வருகிற அந்தப் பறவை, களைத்துப்போய்ச் சென்னை வீடுகளின் கொல்லையில் இறங்குவது ஆண்டுதோறும் நடப்பதுதான். அன்று சார் நன்மங்கலத்தில் அதற்காகவே தவமிருந்தார். வீட்டம்மா துவைக்கிற கல்லுக்குப் பக்கத்தில், கறிவேப்பிலைச் செடியின் கீழ் அது இலையைப் புரட்டிக்கொண்டிருப்பதைப் பார்த்து, போனில் படமெடுத்து வைத்திருந்தார்.

“எத்தனை மணிக்கு?”

“எட்டே முக்கால் இருக்கும்ங்க. இட்லி ஊத்தப் போனேன்.”

சார் யோசித்தார். “எட்டே முக்காலுக்கு நீ பாத்தே. அது அஞ்சுக்கே வந்திருக்கும்.”

மறுநாள் நாலேகாலுக்குத் துவைக்கிற கல்மேல் போய் உட்கார்ந்தார். பச்சைச் சட்டை, தலையில் பச்சைத் துண்டு, அசைவில்லை. பால் பாக்கெட் போட வந்த பையன் கொல்லைக் கேட்டைத் திறந்து டார்ச் அடித்தான். அவன் போட்ட அலறலில் நாலு வீட்டில் விளக்கெரிந்தது. பக்கத்து வீட்டுக்காரர் கிரிக்கெட் மட்டையோடு வந்தார். வீட்டம்மா கற்பூரத்தைக் கொளுத்திக்கொண்டு ஓடி வந்தார். சார் மட்டும் கல்லைவிட்டு எழவில்லை. கைக்கடிகாரத்தைத் திருப்பி, டார்ச் வெளிச்சத்தில் பார்த்தார்.

“ஏன் தம்பி, தினம் நாலரைக்கு வர்றவன் இன்னிக்குப் பத்து நிமிஷம் லேட்டு?”